ஹொசாம் ஹசனா, முகமது சலாவா: எகிப்தின் பெரிய கோல்காரர் யார்?

எகிப்து தேசிய அணிக்காக அதிக கோல் அடித்தவர், நான் இதை எழுதும்வரை, ஹொசாம் ஹசன்தான். 2024 பிப்ரவரியிலிருந்து அந்த அணிக்குப் பயிற்சியாளரும் அவரேதான். அவர் எழுதும் அணிப் பட்டியலில் முதலில் இடம்பிடிப்பவர் முகமது சலா. 60 கோல்களைத் தாண்டி அவருடைய சாதனையை எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நிற்பவர். தன் சாதனையை முறியடிக்கப் போகிறவனைத் தானே களத்துக்கு அனுப்பும் நிலை கால்பந்தில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கும் என்று தெரியவில்லை. ஆனால் இதனாலேயே எகிப்து ரசிகர்களுக்குள் பழைய சண்டை ஒன்று புதிதாகக் கிளம்பிவிட்டது: இந்த இருவரில் யார் பெரியவர்?

நம்மில் பலர் சலாவை பிரீமியர் லீக் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள். ஹொசாம் ஹசனை அப்படிப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு இருந்ததில்லை. அதனால் நம் பக்கத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டாலே "இதிலென்ன சந்தேகம், சலாதான்" என்று முடித்துவிடுவார்கள். கெய்ரோவில் கதை வேறு. அங்கே ஹொசாம் பக்கம் பேசுபவர் கையில் ஒரே ஒரு கேள்வி இருக்கும், அது போதும்: "சலா எகிப்துக்கு எந்தக் கோப்பையை வாங்கித் தந்தார்?" அந்தக் கேள்வி நியாயமா என்பதுதான் எனக்கு முக்கியம். அது நியாயமில்லை என்பது என் கருத்து, காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. ஹொசாமின் எண்ணிக்கையை 68 என்றும் சொல்கிறார்கள், 69 என்றும் சொல்கிறார்கள்; எந்த ஆட்டத்தை அதிகாரபூர்வமாக எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. அதற்கு அவருக்கு 170க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் தேவைப்பட்டன, அதாவது சுமார் ஐந்து ஆட்டத்துக்கு இரண்டு கோல். சலாவின் விகிதம் இரண்டு ஆட்டத்துக்கு ஒரு கோலைவிடவே அதிகம். அதோடு ஹொசாம் ஸ்ட்ரைக்கர், கோல் அடிப்பதுதான் அவருடைய ஒரே வேலை. சலா வலது விங்கில் தொடங்கி உள்ளே வெட்டி வருபவர், அடுத்தவருக்கு கோல் போடக் கொடுத்தவையும் அவர் கணக்கில் ஏராளம். எதிர்வாதம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும்: சலாவின் கோல்களில் ஜிபூட்டி மாதிரி அணிகளுக்கு எதிராக அடித்தவை இருக்கின்றன, 2023 நவம்பரில் ஒரே ஆட்டத்தில் நான்கு. சரி, உண்மைதான். ஆனால் எந்த நாட்டின் சாதனைப் பட்டியலை எடுத்தாலும் சின்ன அணிகளிடம் அடித்த கோல் இல்லாமல் இருக்காது. கணக்கை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதினால் சலா முன்னால் நிற்கிறார், அதில் எனக்குத் தயக்கமே இல்லை.

விளையாடும் விதத்தில் இருவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஹொசாம் பெனால்டி பாக்ஸுக்குள் வாழ்ந்தவர். இரண்டு தடுப்பாளர்களுக்கு நடுவில் முட்டி மோதி, முதுகால் ஒருவரைத் தள்ளிக்கொண்டே கிராஸ் வரும் இடத்துக்கு அரை நொடி முன்பே போய் நிற்பார். தலையால் அடிப்பதில் பெரிய ஆள். கோல் விழுந்தால் ஓடுகிற ஓட்டத்தில் யாரும் பிடிக்க முடியாது, விழாவிட்டால் நடுவரிடம் போய் நிற்பார். கோபக்காரர், இன்றைக்கும் பயிற்சியாளர் கோட்டுக்குள் அவரால் ஓரிடத்தில் நிற்க முடிவதில்லை. சலாவின் கோல் எப்படி வரும் என்று எல்லோருக்கும் தெரியும்: வலப்பக்கம் பந்தை வாங்குவார், இடது காலுக்கு மாற்றுவார், தூரத்துக் கம்பத்தை நோக்கிச் சுழற்றுவார். தெரிந்தும் தடுக்க முடியாததுதான் பல வருடமாக இங்கிலாந்துத் தடுப்பாளர்களின் பாடு.

இரண்டு இரவுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1989 நவம்பர் 17, கெய்ரோ மைதானத்தில் அல்ஜீரியாவுடன் உலகக் கோப்பைத் தகுதிக்கான கடைசி ஆட்டம். முதல் சந்திப்பில் கோல் இல்லை. எகிப்து கடைசியாக உலகக் கோப்பை ஆடியது 1934இல், அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. மைதானத்தில் ஒரு லட்சம் பேர். ஆட்டம் தொடங்கி நான்காவது நிமிடம், அகமது எல்காஸ் கிராஸ் போட, ஹொசாம் எழும்பி தலையால் முட்டி உள்ளே தள்ளினார். அவருக்கு வயது 23. மீதி எண்பத்தாறு நிமிடமும் அந்த ஒரு கோலைக் கட்டிக் காத்து எகிப்து இத்தாலிக்குப் போனது.

அடுத்தது 2017 அக்டோபர் 8, அலெக்ஸாந்திரியாவுக்குப் பக்கத்தில் போர்க் எல் அரப் மைதானம், எதிரணி காங்கோ. 1990க்குப் பிறகு எகிப்து உலகக் கோப்பையையே பார்த்ததில்லை. சலா ஒரு கோல் போட்டார், எல்லாம் முடிந்தது என்று அரங்கமே பாடிக்கொண்டிருந்தபோது ஆட்டம் முடியச் சில நிமிடங்களுக்கு முன் காங்கோ சமன் செய்துவிட்டது. சலா அப்படியே புல்லில் சாய்ந்தார். அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்காவிட்டால் தேடிப் பாருங்கள்: ஒருவர் மொத்தமாக உடைந்து விழுவதும், ஒருசில நொடிகளில் எழுந்து கைகளை வீசி மற்றவர்களை "வாங்க, இன்னும் நேரம் இருக்கு" என்று கூப்பிடுவதும் அதில் இருக்கிறது. காயத்துக்கான கூடுதல் நேரத்தில் சக ஆட்டக்காரர் ட்ரெஸகேவைக் கீழே தள்ளியதற்குப் பெனால்டி கிடைத்தது. 28 வருடக் காத்திருப்பு மொத்தமும் ஒரு காலின் மேல். அடித்தார், உள்ளே போனது, 2-1.

இந்த இரண்டில் எது கஷ்டம் என்று கேட்டால் சலாவுடையது என்பேன். நான்காவது நிமிடத்தில் பயம் சேர்ந்திருக்காது. 95ஆவது நிமிடத்தில் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடக்கும்போது தலைக்குள் என்னென்ன ஓடும் என்று நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது.

உலகக் கோப்பையில் இருவருக்கும் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1990இல் எகிப்து நெதர்லாந்துடன் 1-1, அயர்லாந்துடன் 0-0, இங்கிலாந்திடம் 0-1 என்று கௌரவமாக வெளியேறியது. நெதர்லாந்துக்கு எதிரான அந்த ஒரு கோலுக்கான பெனால்டி ஹொசாமைப் பிடித்து இழுத்ததற்குக் கிடைத்தது, அடித்தது மக்தி அப்தெல்கனி. 2018இல் சலா தோள் காயத்தோடு வந்தார். கீவ் நகரில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் செர்ஜியோ ராமோஸுடன் கை பிணைந்து விழுந்ததில் வந்த காயம். உருகுவேக்கு எதிராக இறங்கவே இல்லை, ரஷ்யாவிடமும் சவூதியிடமும் ஒவ்வொரு கோல் அடித்தார், மூன்று ஆட்டத்திலும் எகிப்து தோற்றது.

இனி ஐரோப்பா. இதில்தான் ஒப்பீடு சுவையாகிறது. ஏனென்றால் இருவரும் ஒரே கதவு வழியாகத்தான் உள்ளே போனார்கள், சுவிட்சர்லாந்து.

ஹொசாம் 1990 உலகக் கோப்பைக்குப் பிறகு கிரேக்கத்தின் பாவொக் கிளப்புக்குப் போய், அடுத்த ஆண்டு நியூஷாடெல் க்ஸாமாக்ஸில் சேர்ந்தார். இரட்டைச் சகோதரர் இப்ராஹிமும் தடுப்பாட்டக்காரர் ஹானி ரம்ஸியும் அதே அணியில் இருந்தார்கள். பயிற்சியாளர், பிற்காலத்தில் இங்கிலாந்து அணியையே நடத்திய ராய் ஹாட்ஜ்சன். 1991 அக்டோபரில் யூஃபா கோப்பையில் ஸ்காட்லாந்தின் செல்டிக் அங்கே வந்தது. க்ஸாமாக்ஸ் 5, செல்டிக் 1. அந்த ஐந்தில் நான்கு ஹொசாமுடையவை. அதே க்ஸாமாக்ஸ் அடுத்த சுற்றில் சொந்த மைதானத்தில் ரியால் மாட்ரிட்டையே 1-0 என்று வென்றது, மறு ஆட்டத்தில் நான்கு வாங்கி வெளியேறியது வேறு விஷயம். செல்டிக்கின் ஊரான கிளாஸ்கோவின் இன்னொரு பாதி, ரேஞ்சர்ஸ், சலாவுக்கு அகப்பட்டது: 2022 அக்டோபரில் ரேஞ்சர்ஸ் மைதானத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி 6 நிமிடம் 12 நொடியில் ஹாட்ரிக், சாம்பியன்ஸ் லீக் வரலாற்றிலேயே அதிவேகமானது.

செல்டிக்கிடம் நான்கு கோல் அடித்தவர் 1992இல் கெய்ரோவுக்குத் திரும்பி தன் பழைய கிளப்பான அல் அஹ்லியில் மறுபடி சேர்ந்துவிட்டார். அப்போது அவருக்கு 26 வயது, ஒரு ஸ்ட்ரைக்கருக்கு உச்ச வயது. ஏன் திரும்பினார் என்று இன்றைக்குக் கேட்பது எளிது. அன்றைக்கு எகிப்து லீக் என்பது ஒரு ஆட்டக்காரனுக்குத் தேவையான எல்லாமும் இருந்த இடம். கெய்ரோவின் இரண்டு பெரிய கிளப்களான அல் அஹ்லிக்கும் ஜமாலெக்குக்கும் மோதல் என்றால் நாடே நின்றுபோகும், ஆப்பிரிக்கக் கிளப் கோப்பைகள் அங்கே சாதாரணமாக வந்து சேரும், தேசிய அணியில் பக்கத்தில் ஆடுபவன் கிளப்பிலும் பக்கத்தில் ஆடுபவனாக இருப்பான். தேசிய அணிக்கு அங்கே இருந்த மரியாதைக்கு ஒரு உதாரணம் போதும்: 1990 உலகக் கோப்பைக்கு அணியைத் தயார்ப்படுத்துவதற்காக 1989-90 லீக்கையே பாதியில் கைவிட்டார்கள். பயிற்சியாளர் மஹ்மூத் எல்கோஹரிக்கு ஆட்டக்காரர்கள் மாதக்கணக்கில் கையில் கிடைத்தார்கள்.

லீக் இன்னொரு முறையும் நின்றது, சலாவின் காலத்தில். 2012 பிப்ரவரி 1, போர்ட் சயீது மைதானத்தில் அல் மஸ்ரிக்கும் அல் அஹ்லிக்கும் ஆட்டம் முடிந்ததும் நடந்த தாக்குதலிலும் நெரிசலிலும் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பெரும்பாலும் அல் அஹ்லியின் இளம் ரசிகர்கள். ஆட்டம் பார்க்கப் போன பிள்ளைகள். அந்தப் பருவம் ரத்து. அடுத்த பருவமும் அரசியல் கொந்தளிப்பில் பாதியில் கைவிடப்பட்டது. பிறகு லீக் திரும்பியபோது அரங்குகளில் ரசிகர்கள் இல்லை, 2015இல் கெய்ரோவில் ஜமாலெக் ரசிகர்களை அனுமதிக்க முயன்ற இடத்தில் மறுபடியும் சாவுகள்.

சலா அப்போது கெய்ரோவில் எல் மொகாவ்லூன் அணியில் இருந்த 19 வயதுப் பையன். கர்பியா மாகாணத்தில் நக்ரிக் என்ற கிராமத்திலிருந்து நான்கைந்து பஸ் மாறி, போக நாலு மணி நேரம் வர நாலு மணி நேரம் என்று பயிற்சிக்கு வந்து வளர்ந்தவன். 2011இல் ஜமாலெக் அவனை வேண்டாம் என்று விட்டிருந்தது. போர்ட் சயீதுக்குப் பிறகு ஆட லீக்கே இல்லை. சுவிட்சர்லாந்தின் பாசெல் அணி எகிப்தின் 23 வயதுக்குட்பட்டோர் அணியுடன் ஒரு நட்பு ஆட்டத்தை 2012 மார்ச்சில் ஏற்பாடு செய்தது. சலா இரண்டாம் பாதியில் இறங்கி இரண்டு கோல் அடித்தார், அந்தக் கோடையிலேயே பாசெலில் இருந்தார். பின்னாளில் இத்தாலியின் ஃபியோரெந்தினாவுக்குப் போனபோது அவர் கேட்டு வாங்கிய சட்டை எண் 74, போர்ட் சயீதில் இறந்தவர்களின் நினைவாக.

ஹொசாமை வீட்டுக்கு இழுத்த லீக், சலாவின் காலத்தில் ஒன்றுமில்லாமல் போயிருந்தது. இதை விட்டுவிட்டு இருவரின் கோப்பைகளை எண்ணுவதில் அர்த்தமில்லை. எகிப்து 2006, 2008, 2010 என்று தொடர்ந்து மூன்று ஆப்பிரிக்கக் கோப்பைகளை வென்ற அணி. அடுத்து 2012, 2013, 2015 மூன்றுக்கும் தகுதியே பெறவில்லை. மூன்று கோப்பை வென்ற நாடு மூன்று தொடர்களுக்கு உள்ளேயே வரவில்லை. சலா கையில் கொடுக்கப்பட்டது அந்த அணி.

இப்போது ஆப்பிரிக்கக் கோப்பைக்கு வரலாம், ஹொசாம் கட்சியின் கோட்டை இதுதான். 1986இல் சொந்த மண்ணில் வென்ற அணியில் 19 வயதுப் பையனாக இருந்தார். 1998இல் புர்கினா ஃபாஸோவில், 31 வயதில், அவருடைய கால்பந்து வாழ்க்கையின் சிறந்த மாதம்: மொசாம்பிக்கிடம் இரண்டு, ஜாம்பியாவிடம் மூன்று, அரையிறுதியில் போட்டியை நடத்திய நாட்டிடமே இரண்டு, மொத்தம் ஏழு. தென்னாப்பிரிக்காவின் பென்னி மெக்கார்த்தியும் ஏழு அடித்தார், ஆனால் இறுதியாட்டத்தில் அந்தத் தென்னாப்பிரிக்காவை எகிப்து 2-0 என்று வென்றது. அப்புறம் 2006, மறுபடி கெய்ரோ. வயது 39. காலிறுதியில் காங்கோ ஜனநாயகக் குடியரசுக்கு எதிராக கோல் அடித்து அந்தப் போட்டியில் கோல் போட்ட மிக வயதானவர் ஆனார். இருபது வருட இடைவெளியில் முதல் கோப்பையும் கடைசிக் கோப்பையும். இதற்குச் சமமாக வைக்க சலாவிடம் ஒன்றும் இல்லை, அதை நேராகவே ஒப்புக்கொள்கிறேன்.

சலாவுடையது நெஞ்சைப் பிசையும் பட்டியல். 2017 இறுதியாட்டத்தில் கேமரூனிடம் 1-2. 2019இல் சொந்த மண்ணில் தென்னாப்பிரிக்காவிடம் நாக்அவுட் முதல் சுற்றிலேயே வெளியே. 2022 தொடக்கத்தில் நடந்த போட்டியில் நாக்அவுட்டின் நான்கு ஆட்டங்களும் 120 நிமிடம் போயின. இறுதியில் செனகலுடன் பெனால்டி, சலாவை ஐந்தாவதாக வைத்திருந்தார்கள், அவர் முறை வருவதற்குள் லிவர்பூல் சகாவான சாடியோ மானே அடித்து முடித்துவிட்டார். ஏழு வாரத்தில் டக்காரில் அதே செனகல், உலகக் கோப்பைத் தகுதிக்கான பெனால்டி. இந்த முறை முதலில் போனார், முகம் முழுக்கப் பச்சை லேசர் வெளிச்சம், பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. அடுத்த ஆப்பிரிக்கக் கோப்பையில் கானாவுக்கு எதிராகத் தொடைத் தசை காயம். 2025 போட்டியில் அரையிறுதியில் மறுபடியும் செனகல், மறுபடியும் மானேவின் கோல், 0-1. அந்த முறை பெஞ்சில் நின்றவர் ஹொசாம் ஹசன்.

இந்தத் தோல்விகளுக்குள்ளே ஒளிந்திருக்கும் ஒரு எண்ணைப் பலர் கவனிப்பதில்லை. ஆப்பிரிக்கக் கோப்பையில் ஹொசாமின் மொத்த கோல் 11. 2025 போட்டி முடிந்தபோது சலாவுடையதும் 11. பெரிய மேடையில் சலா ஒளிந்துகொள்கிறார் என்ற பேச்சு இந்த ஒரு வரியிலேயே அடிபட்டுப் போக வேண்டும். 1998இல் ஹொசாமுக்குப் பின்னால் வருடக்கணக்கில் சேர்ந்து ஆடிய அணி இருந்தது. அவரே ஒரு கோலும் போடாத அந்த இறுதியாட்டத்தை அகமது ஹசனும் தாரெக் முஸ்தஃபாவும் வென்று கொடுத்தார்கள். சலாவின் இறுதியாட்டங்களில் எத்தனை பேர் அப்படி வந்தார்கள்? 2017இல் எல்னெனிக்கு கோல் போடக் கொடுத்ததும் சலாதான்.

இந்த இரண்டு காலத்தையும் ஒரே உடை மாற்றும் அறையில் பார்த்த ஒருவர் உண்டு, கோல்கீப்பர் எஸ்ஸாம் எல் ஹதாரி. 1998 அணியில் ஹொசாமோடு இருந்தார், 2006 கோப்பையையும் சேர்ந்து வாங்கினார், 2017 இறுதியாட்டத்தில் சலாவுக்குப் பின்னால் கோல் காத்தார், 2018 உலகக் கோப்பையில் 45 வயதில் சவூதியின் பெனால்டியைத் தடுத்தார். அவரிடம் இந்தக் கேள்வியை வைக்க வேண்டும்.

கிளப் கால்பந்தில் ஒப்பிடுவதே கொஞ்சம் கடினம், இருந்தாலும் சொல்கிறேன். லிவர்பூலில் சலாவுக்கு 250க்கும் மேற்பட்ட கோல்கள், அந்தக் கிளப்பின் வரலாற்றில் இயன் ரஷ், ரோஜர் ஹன்ட் இருவருக்கும் அடுத்த இடம். 2017-18இல் லீக்கில் 32 கோல், 38 ஆட்டப் பருவத்தில் அன்றைய சாதனை. லீக்கில் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி நான்கு முறை. 2019இல் சாம்பியன்ஸ் லீக், 2020இலும் 2025இலும் லீக் பட்டம். அந்தக் கடைசிப் பருவத்தில் 29 கோல், 18 அசிஸ்ட். பிரீமியர் லீக்கில் ஐவரி கோஸ்டின் டிரோக்பாவின் 104 கோல்தான் ஆப்பிரிக்கர்களில் அதிகம் என்று இருந்ததை மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டில் ஹாட்ரிக் அடித்துத் தாண்டினார். இதெல்லாம் செல்சியில் ஓராண்டில் லீக்கில் இரண்டே கோல் அடித்து, பெரிய லீக்குக்கு லாயக்கில்லை என்று ஓரங்கட்டப்பட்ட பிறகு செய்தது.

ஹொசாமின் பக்கம் 14 எகிப்து லீக் பட்டங்கள் இருக்கின்றன, அதில் மூன்று ஜமாலெக்குக்காக. இதைச் சாதாரணமாகக் கடந்துவிட முடியாது. 2000இல் அல் அஹ்லி, வயதாகிவிட்டது என்று இரட்டையரைத் தக்கவைத்துக்கொள்ளவில்லை. அவர்கள் நேராக எதிரி வீட்டுக்குப் போனார்கள். 34 வயதில். போய் லீக் வென்றார்கள், 2002இல் ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்கும் வென்றார்கள். அல் அஹ்லி ரசிகர்களில் ஒரு சாரார் அதை இன்னும் மறக்கவில்லை. ஹொசாம் இரண்டு பெரிய கிளப்புக்கும் ஆடியவர், சலா இரண்டுக்கும் ஆடாதவர். அதனால் சலாவின் மேல் யாருக்கும் கிளப் பகை இல்லை, அந்த ஒரு சௌகரியம் அவருக்கு உண்டு. (மஹ்மூத் எல்கதீபை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பந்தைத் தொடும் அழகில் அவர் இருவரையும் தாண்டியவர், 1983இல் ஆப்பிரிக்காவின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கியவர். அவருக்குத் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

என் தீர்ப்பு இது. கால்பந்து ஆட்டக்காரராக சலா பெரியவர், கொஞ்சநஞ்சமல்ல, நிறையவே. எகிப்தின் கோல்காரராகவும் சலாவைத்தான் முதலில் வைப்பேன். விகிதம் அவர் பக்கம், ஆப்பிரிக்கக் கோப்பை கோல்களில் சமம், 2018க்கும் 2026க்கும் எகிப்தை உலகக் கோப்பைக்கு அழைத்துப்போன ஆட்டங்கள் இரண்டிலும் இரண்டிரண்டு கோல் அவருடையவை, அதிலும் இரண்டும் அக்டோபர் 8ஆம் தேதியிலேயே. ஹொசாமுக்கு நான் விட்டுக்கொடுக்கும் இடம் ஒன்று உண்டு: ஒரே கிராஸ், ஒரே வாய்ப்பு, பாக்ஸுக்குள் யாரை நிறுத்துவது என்றால் ஹொசாமை நிறுத்துவேன், யோசிக்கவே மாட்டேன். கோப்பையை வைத்து சலாவைக் குறைத்துப் பேசுபவர்கள் 2012க்குப் பிறகு அந்த லீக்கில் மிச்சம் என்ன இருந்தது என்பதற்கு முதலில் பதில் சொல்லட்டும். அப்புறம் பேசலாம்.